பக்கம் நாற்பது பைசா

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்றொரு சிறிய ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகமே உரிமம் கொடுத்து உட்கார வைத்த கடை அது. பக்கத்துக்கு 40 பைசா என்று கட்டணத்தையும் பல்கலைக்கழகமே நிர்ணயித்திருந்தது. 2012 ஆகஸ்டில் அந்தக் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பதிவானது. வழக்குப் போட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள். அவர்கள் கேட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய்.

கடை செய்த காரியம் இதுதான்: பேராசிரியர்கள் பாடத்திட்டத்தில் குறித்துக் கொடுத்தபடி, ஒரு புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம், இன்னொன்றில் முப்பது பக்கம், மற்றொன்றில் ஒரு கட்டுரை என நூலகப் புத்தகங்களிலிருந்து நகல் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தது. ‘கோர்ஸ் பேக்’ என்று அதற்குப் பெயர். சமூகவியலோ பொருளாதாரமோ படிக்கும் மாணவர் ஒரு பருவத்துக்குப் பல புத்தகங்களில் சில சில பக்கங்களைப் படித்தாக வேண்டும். அவற்றில் பல, ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. நூலகத்தில் ஒன்றோ இரண்டோ பிரதிதான் இருக்கும். வகுப்பிலோ நூறு பேர்.

அந்த வழக்கு நான்கரை ஆண்டுகள் நடந்து, 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வாபஸ் வாங்கியதில் முடிந்தது. இடையில் நீதிமன்றம் சொன்னவை இந்திய மாணவர் ஒவ்வொருவருக்கும் முக்கியமானவை. கற்பதற்காக நகல் எடுப்பது, அதிகாரிகள் பெரிய மனது பண்ணிக் கண்டும் காணாமல் விடுகிற சிறு தவறு அன்று. நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்திருக்கும் உரிமை. வருத்தம் என்னவென்றால், தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. காகிதத்திலிருந்து திரைக்குப் படிப்பு மாறும் இந்தக் காலத்தில், தெரியாத உரிமை சத்தமில்லாமல் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

இந்த உரிமையின் மதிப்பு புரிய, நகல் எடுப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், 1906இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். தந்தைக்குக் காசநோயும் மூட்டுவாதமும். சிறுவயதிலேயே குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனவர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு, நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார். காப்புரிமை ஆவணங்களுக்கு எப்போதும் கூடுதல் பிரதிகள் தேவைப்படும். வழி இரண்டுதான். ஒன்று, கார்பன் தாள் வைத்து மறுபடி தட்டச்சு செய்வது. இல்லையென்றால், செலவு செய்து புகைப்படம் எடுப்பது. தட்டச்சில் ஓர் எழுத்து பிழைத்தால் பக்கம் முழுவதையும் சரிபார்க்க வேண்டும். கார்ல்சனுக்கும் மூட்டுவலி தொடங்கியிருந்தது. மாலை நேரங்களில் நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து, ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தார்.

1938 அக்டோபர் 22. குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறை. உடன் இருந்தவர் ஓட்டோ கோர்னை; ஆஸ்திரியாவிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்த இயற்பியலாளர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டறையில் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்து அதில் மின்னேற்றம் உண்டாக்கினார்கள். ஒரு கண்ணாடிச் சில்லில் மையால் தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதி, அதைத் தகட்டின் மேல் வைத்துச் சில விநாடி பளிச்சென்று விளக்கு காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் நீங்கியது; மை மறைத்த இடத்தில் தங்கியது. அதன்மேல் லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி மெல்ல ஊதியபோது, ‘10-22-38 அஸ்டோரியா’ என்ற எழுத்துகள் மட்டும் தூளாக நின்றன. மெழுகுத் தாளை அழுத்தி அந்தத் தூளை அதில் ஒற்றி எடுத்தார்கள். இன்று தெருமுனைக் கடையில் இருக்கும் இயந்திரமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. கைக்குட்டைக்குப் பதில் உயர் மின்னழுத்தம், வித்துத்தூளுக்குப் பதில் டோனர், மெழுகுத் தாளுக்குப் பதில் சூடான உருளை.

அதன் அருமை அன்று யாருக்கும் புரியவில்லை. ஐபிஎம், கோடக், ஜெனரல் எலெக்ட்ரிக் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்று கார்ல்சனைத் திருப்பி அனுப்பின. 1944இல் ஒஹாயோவின் பாட்டெல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ரோச்செஸ்டர் நகரில் புகைப்படத் தாள் தயாரித்துக்கொண்டிருந்த ஹாலாய்டு என்ற சிறிய கம்பெனி துணிந்து பணம் போட்டது. இந்த முறைக்கு ‘உலர்ந்த எழுத்து’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயர் அமைத்துக் கொடுத்தவர் ஒஹாயோவின் ஒரு கல்லூரிப் பேராசிரியர். 1959 செப்டம்பரில் சந்தைக்கு வந்த ‘914’ இயந்திரம் ஏறத்தாழ 294 கிலோ எடை. மாத வாடகை 95 டாலர். அதில் 2,000 நகல் வரை இலவசம். அலுவலகங்கள் அள்ளிக்கொண்டு போயின. 1961இல் கம்பெனி தன் பெயரையே ஜெராக்ஸ் கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது.

வெற்றி பெரிதானபோது நிறுவனத்துக்கு ஒரு விநோதமான கவலை வந்தது. அமெரிக்கர்கள் நகல் எடுப்பதையே ‘ஜெராக்ஸ் செய்வது’ என்று பேசத் தொடங்கினார்கள். அகராதிகளும் அதை வினைச்சொல்லாக ஏற்றுக்கொண்டன. வணிகப் பெயர் பொதுச் சொல்லாகிவிட்டால் அதன்மீதான தனியுரிமை பறிபோகும். அமெரிக்காவில் ஆஸ்பிரின், எஸ்கலேட்டர், தெர்மோஸ் ஆகிய பெயர்கள் அப்படித்தான் பொதுச் சொத்தாயின. அதனால், தன் பெயரை வினைச்சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள் என்று பல ஆண்டுகள் விளம்பரம் கொடுத்தே வேண்டிக்கொண்டது அந்த நிறுவனம்.

இந்தியாவில் அந்த வேண்டுகோள் செல்லவில்லை. 1983இல் மோடி குழுமமும் ராங்க் ஜெராக்ஸும் கூட்டாக மோடி ஜெராக்ஸைத் தொடங்கின. அதன்பின் ஊருக்கு ஊர் கடைகள் முளைத்தன. கேனான் இயந்திரத்தில் எடுத்தாலும் ரிக்கோவில் எடுத்தாலும் நமக்கு அது ஜெராக்ஸ்தான். இந்தப் பெயரின் பதிவை ரத்து செய்யக் கோரிய மனுவை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் ஏற்க மறுத்தது. ஆகவே சட்டப்படி அந்தப் பெயர் இன்றும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அந்தச் செயலோ அன்றாடம் எல்லாரும் செய்வது.

தமிழ்நாட்டில் கல்லூரி வாசல் எதிலும் இதைப் பார்க்கலாம். தேர்வு நெருங்கினால் கடை முன் கூட்டம். ‘அண்ணா, இது பேக் டு பேக் போடுங்க’, ‘இந்த யூனிட் மட்டும் பத்து செட்’, ‘ஸ்பைரல் போட்டு வைங்க, சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்’ என்று குரல்கள். ஒரு பக்கம் ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். மறுபக்கம் தடித்த பாடநூலின் இருபது பக்கங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பள்ளிப் பாடநூல்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து அச்செடுத்துப் போகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு நூலகத்துக்கு அடுத்தபடியாக அறிவு கிடைக்கும் இடம் இந்தக் கடை.

இந்த நடைமுறை முழுவதும்தான் டெல்லியில் கூண்டில் ஏறியது. பதிப்பகங்கள் கேட்டது எளிமையாகத் தோன்றும்: நகல் உரிமத்துக்கென்று உள்ள அமைப்பிடம் பல்கலைக்கழகம் உரிமம் வாங்கிக் கட்டணம் செலுத்தட்டும். 2012 அக்டோபரில் கோர்ஸ் பேக் விற்க இடைக்காலத் தடையும் வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அறிவுசார் சொத்துரிமை அறிஞர் ஷம்னத் பஷீர் அவர்களுக்குத் துணையாக நின்றார். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைக் கைவிடச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். கோர்ஸ் பேக்குகளில் யாருடைய எழுத்து இடம்பெற்றிருந்ததோ அவர்களில் பலரும் அதில் இருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் வழக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தார். தங்கள் புத்தகத்தை மாணவர் நகல் எடுக்கக் கூடாது என்று எழுதியவர்களே கேட்கவில்லை என்பது இந்த வழக்கில் மறக்கக் கூடாத சங்கதி.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகல் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பதிப்புரிமை இயற்கை தந்ததோ தெய்வம் தந்ததோ இல்லை. மக்களுக்கு அறிவு பெருக வேண்டும் என்பதற்காகச் சட்டம் உண்டாக்கிய ஏற்பாடு என்பது தீர்ப்பின் அடிப்படை. நீதிபதி தம் சட்டக் கல்லூரி நாட்களையும் அதில் நினைவுகூர்ந்தார். அன்று மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொள்வார்களாம். கையால் சிரமப்பட்டுச் செய்தபோது குற்றமாக இல்லாத செயல், இயந்திரம் வந்து எளிதாகிவிட்டதால் குற்றம் ஆகிவிடாது என்றார் அவர்.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு 2016 டிசம்பர் 9 அன்று இன்னும் நுட்பமாகப் பேசியது. எத்தனை சதவீதம் நகல் எடுக்கலாம் என்று சட்டத்தில் வரம்பு இல்லை. கற்பித்தலுக்கு அது தேவையா என்பதே உரைகல். கற்பித்தல் என்பது வகுப்பறையின் நான்கு சுவருக்குள் முடிகிற விஷயமும் இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாக இயந்திரம் வைத்திருக்க முடியாது. ஆகவே கடைக்காரர் நடுவில் இருப்பதாலேயே அது வியாபாரப் போட்டி ஆகிவிடாது. படித்தவர்கள் பெருகினால் நாளடைவில் புத்தகச் சந்தையும் பெருகும் என்றுகூட அமர்வு சுட்டிக்காட்டியது. நகல் எடுத்த பகுதிகள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையா, முழுப் புத்தகங்களை நகல் எடுத்தது சரியா என்ற இரண்டை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது. இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டன. நகல் உரிம அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதம் அங்கும் மனு தள்ளுபடியானது.

இதன் அருமை அமெரிக்காவைப் பார்த்தால் விளங்கும். ஜெராக்ஸ் பிறந்த நாட்டிலேயே, இதே கோர்ஸ் பேக் செய்ததற்காக 1991இல் கிங்கோஸ் என்ற நகல் கடை நிறுவனம் தோற்று, 5,10,000 டாலர் இழப்பீடு கட்டும் நிலைக்கு வந்தது. 1996இல் மிச்சிகனில் இன்னொரு கடையும் தோற்றது. அதற்குப்பின் அங்கே கோர்ஸ் பேக்கின் விலையில் உரிமக் கட்டணமும் ஏறிக்கொண்டது, சுமந்தவர் மாணவர். கடன் வாங்கிப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தலையில் அந்தச் சுமை ஏறாமல் தடுத்தது 52ஆவது பிரிவு.

எழுதியவர் பிழைக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு மாணவர் உரிமை பேசுவது சரியாகாது. தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதி விற்பதே பாடு. அது வெளிவந்த கொஞ்ச நாளில் முழு நூலையும் ஸ்கேன் செய்து டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் ஆகப் போடுகிறவர் கல்விக்குத் தொண்டு செய்யவில்லை. கடன் வாங்கி அச்சடித்த சிறு பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிறார். புத்தகக் காட்சியில் கடைபோட்டு, ஆண்டு முழுதும் செய்த செலவைப் பத்துப் பதினைந்து நாளில் திரும்ப எடுக்கப் பார்க்கும் பதிப்பாளருக்கு அந்த பிடிஎஃப் செய்யும் சேதம் உண்மையானது. 52ஆவது பிரிவு அந்தச் செயலைக் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது. பாடத்துக்காக எடுக்கும் முப்பது பக்கமும் ஊருக்கே இறைக்கும் முழு நாவலும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பெயரிட்டுத் திருட்டு என்று சொல்வதால், திருட்டைத் தடுப்பதும் முடியாமல் போகிறது, படிப்பும் தடைபடுகிறது.

எழுதியவருக்கும் கொடுத்து, வாசகருக்கும் திறந்துவிடும் வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1949இல் பாரதியின் படைப்புகளை அரசு தன்வசமாக்கி, பிறகு பொதுவில் வைத்தது. அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்கள், அவர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. அந்த நூல்களை இன்று யாரும் அச்சிடலாம், இணையத்தில் வைக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டமும் காட்டுவது ஒன்றுதான்: படி இருக்கும் நூல்தான் பிழைக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாமல் அங்கே மட்டும் இருந்த சுவடிகள் அன்றோடு மறைந்தன.

இப்போது களம் மாறிவிட்டது. ஆய்விதழ்கள் இணையத்துக்குப் போய்விட்டன. புத்தகங்கள் மின்னூலாக வருகின்றன. அச்சுப் புத்தகத்தை வாங்கிய நூலகம் அதற்குச் சொந்தக்காரர். மின்னூலுக்குச் சந்தா கட்டும் நூலகம் வாடகைக்காரர் மட்டுமே. எத்தனை பக்கம் அச்செடுக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. சட்டம் வரம்பு வைக்காத இடத்தில் கம்பெனியின் மென்பொருள் வரம்பு வைக்கிறது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், சட்டம் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வதற்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்கும் வழி எந்த மாணவருக்கும் தெரியாது; தெரிந்த நூலகரும் பயப்படுவார்.

ஆய்விதழ்களில் மத்திய அரசு ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இதில் இல்லை. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தந்துகொண்டிருந்த சை-ஹப் தளத்தை முடக்க 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தளம் செய்தது சட்டப்படி சரியா என்பது வேறு வழக்கு. சட்டத்துக்கு உட்பட்ட வழி அகலமாக இருந்திருந்தால் இத்தனை ஆய்வு மாணவர்கள் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள் என்பதை அரசு யோசித்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும், 52ஆவது பிரிவின்படி பாடத்துக்காக என்னென்ன நகல் எடுக்கலாம் என்பதைத் தெளிவான தமிழில் எழுதி, நூலகத்திலும் வளாகத்து ஜெராக்ஸ் கடையிலும் ஒட்டி வைக்க வேண்டும். முழு நூலை நகல் எடுக்கலாமா என்பதில் இன்னும் தீர்ப்பு இல்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். பாடப் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்கள், எந்த நூலில் எந்தப் பக்கங்கள் என்று குறித்தே கொடுக்க வேண்டும். டெல்லியில் பல்கலைக்கழகத்துக்குக் கைகொடுத்தது அந்தக் குறிப்புகள்தான். மின்னூல் சந்தாவில் கையெழுத்துப் போடும் நூலகர்கள், சட்டம் தரும் நகல் உரிமையை இந்த ஒப்பந்தம் குறைக்காது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தனிக் கல்லூரி கேட்டால் பதிப்பகம் காதில் வாங்காது. மாநில உயர்கல்வி மன்றம் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டால் வாங்கும். பதிப்பாளர்களும் தம் பங்குக்கு, நூலில் தேவையான அத்தியாயத்தை மட்டும் மலிவு விலையில் தமிழ் மாணவர்களுக்குக் கொடுக்க முன்வரலாம். அடுத்த கல்வியாண்டுப் பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போதே இவற்றில் முதல் இரண்டையாவது தொடங்கிவிடலாம். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.